கணினியைக் கொடுங்கள், குடும்ப விவரத்தைக் கொடுக்காதீர்கள்

(பெற்றோருக்கும் ஆவண உதவித் தொண்டர்களுக்கும் நடத்தப்பட்ட ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் படித்துப் பயன் பெறவும்.)



வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் இருக்கும் பழைய கணினியை விற்கிறோம். தங்கை பிள்ளைக்குக் கொடுக்கிறோம். மெதுவாக ஓடுகிறது என்று கடையில் விட்டுவிட்டு வருகிறோம். அப்படிக் கைமாற்றும் முன், அதில் உள்ளதை எப்படி முழுமையாக அழிப்பது, அழித்த பிறகு இயங்குதளத்தை எப்படி மீண்டும் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. இது பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு பிளக் மாற்றத் தெரிந்தவருக்கு இதுவும் கைவரும். பொறுமையும் ஓர் அரை நாளும் இருந்தால் போதும்.

இதில் என்ன உரிமைப் பிரச்சினை என்று சிலர் கேட்கலாம். உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஐ.சி.யின் இரண்டு பக்கப் படம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அதாவது நாம் வாய்வழக்கில் சொல்லும் சூராட் பெரானாக். திருமணப் பதிவுச் சான்றிதழ். சம்பளச் சீட்டு. இ.பி.எஃப். கணக்கு அறிக்கை. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். பள்ளியில் சேர்க்க, உதவித் தொகைக்கு மனு போட, வீட்டுக்கு விண்ணப்பிக்க என்று ஒவ்வொன்றையும் ஒரு முறை ஸ்கேன் செய்து வைத்திருப்போம். பிறகு மறந்துபோயிருப்போம். கணினி மறக்காது.

நம்மில் சில குடும்பங்களின் நிலை இதைவிடக் கடினம். தகப்பனாரிடம் சிவப்பு ஐ.சி., பிள்ளையின் குடியுரிமை மனு நிலுவையில். அப்படிப்பட்ட வீட்டில் தேசியப் பதிவிலாகாவுக்குக் கொடுத்த பாரங்கள், சத்தியப் பிரமாணம், பழைய தோட்ட வேலைச் சான்று, மருத்துவமனைக் கடிதம், நிராகரிப்புக் கடிதம் எல்லாம் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். அந்தக் கோப்புகள் தொலைந்தால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அதே கோப்புகள் வேறொருவர் கைக்குப் போனால் அதைவிட ஆபத்து.

ஐ.சி. எண் 12 இலக்கம் கொண்டது. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 இலக்கம் பிறந்த மாநிலம் அல்லது நாடு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண் ஒன்றே இவ்வளவு சொல்கிறது. அதோடு முகமும் வீட்டு முகவரியும் சேர்ந்த படம் கிடைத்தால், மோசடிக்காரன் உங்கள் பெயரில் கடன் கேட்கவும் தொலைபேசி எண் பதியவும் முயலலாம். வங்கி விவரமும் சேர்ந்துவிட்டால் கெல்டாய் கணக்கு என்று நாளிதழ்களில் வருகிறதே, அந்த வலையில் உங்கள் பெயர் மாட்டலாம். ஆலோங் ஆட்கள் வந்து கதவைத் தட்டும்போது, கடன் வாங்கியது நான் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும்.

ஆகவே இன்று நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரே வரி. முதலில் காப்பாற்று, பிறகு அழி. இந்த வரிசை ஒருபோதும் மாறக்கூடாது.

‘டெலீட்’ செய்தால் அழிந்துவிடுமா?

அழியாது. தமிழ்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறதல்லவா? ஒரு மாணவன் பெயரை ஆசிரியர் பதிவேட்டில் அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பையன் மறைந்துவிடுவானா? அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அவன் இல்லை. வகுப்புக்குள் எட்டிப் பார்க்கிறவருக்கு அவன் இருக்கிறான். பதிவில் பெயர் இல்லாததால் ஆளே இல்லை என்று ஆகிவிடாது என்பதை நம் சமுதாயத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கணினியும் அப்படித்தான். ஒரு கோப்பை டெலீட் செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால், கணினி தன் பதிவேட்டில் அந்தப் பெயரைத்தான் அடிக்கிறது. கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் கொண்டே அதை வெளியே எடுக்கலாம். ‘குவிக் ஃபார்மெட்’ என்பதும் புதுப் பதிவேடு போடுவது மாதிரிதான். மாணவர்கள் அனைவரும் வகுப்பிலேயே இருப்பார்கள். கடைக்காரர் “ஃபார்மெட் பண்ணியாச்சு” என்று சொன்னால், எந்த ஃபார்மெட் என்று கேளுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 129 டிஸ்க்குகளைப் படிக்க முடிந்தது. முழுமையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்களும் மருத்துவ விவரங்களும் சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

முதல் வேலை: காப்பாற்றுவது

வேண்டிய கோப்புகளை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒன்று பென் டிரைவில், அதாவது விரலியில். மற்றொன்று தனி ஹார்ட் டிஸ்க்கிலோ, கூகள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலோ. ஒரே விரலியை நம்பி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். விரலி சட்டைப் பையோடு துவைக்கப்படுகிற பொருள்.

டாகுமென்ட்ஸ் பகுதியை மட்டும் பார்க்காதீர்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றையும் பாருங்கள். நம் வீடுகளில் முக்கியமான பத்திரம் பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். இரண்டு மூன்று பேர் தனித்தனிப் பெயரில் ஒரே கணினியைப் பயன்படுத்தினால், ஒவ்வொருவர் கணக்குக்குள்ளும் போய்ப் பாருங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகள் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். யூனிகோடு பரவும் முன் கோயில் மலர், சங்கக் கூட்டக் குறிப்பு, மனு எல்லாவற்றையும் முரசு அஞ்சல் போன்ற மென்பொருளில் தட்டச்சு செய்தோம். முரசு அஞ்சல் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. அந்தக் காலத்து டிஸ்கி, டாம், டாப் போன்ற குறியீட்டில் தட்டச்சு செய்த கோப்பைத் திறக்க அதற்குரிய எழுத்துரு வேண்டும். கணினியை அழிக்கும்போது எழுத்துருவும் சேர்ந்து போய்விடும். பிறகு கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். ஆகவே விண்டோஸ் எழுத்துருத் தொகுப்பில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுங்கள். முக்கியமான கோப்புகளை இப்போதே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். நேரம் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

பிரதி எடுத்தவுடன் வேலை முடியவில்லை. அந்த விரலியை வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம் திறக்கிறதா, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படி.

இரண்டாவது வேலை: சாவிகள்

அழிக்கும் முன் நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

ஒன்று, மறைச்சொற்கள். பிரவுசரில் சேமித்த மறைச்சொற்கள் கணினியோடு போய்விடலாம். தேவையானவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சல் மறைச்சொல் தெரியாமல் அழிக்கத் தொடங்காதீர்கள்.

இரண்டு, விண்டோஸ் உரிமம். விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் அந்தக் கணினியின் மதர்போர்டோடு இணைந்த உரிமத்தில் இயங்குகின்றன. ஹோம் இருந்த இடத்தில் ஹோம், புரோ இருந்த இடத்தில் புரோ என்று அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே செயல்படும். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பகுதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஆஃபிஸ் மென்பொருள் இருந்தால் அதன் எண்ணையும் தேடி வையுங்கள்.

மூன்று, பிட்லாக்கர். சில கணினிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். விரலியிலிருந்து இயக்க அமைப்பை மாற்றினால், கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நான்கு, மின்சாரம். மடிக்கணினியை சார்ஜரில் செருகியே வைத்திருங்கள். பாதியில் அணைந்தால் வேலை இரட்டிப்பாகும்.

மூன்றாவது வேலை: அழிப்பது

நல்ல நிலையில் ஓடும் விண்டோஸ் 11 கணினிக்கு எளிய வழி உள்ளது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, ரீசெட் பிசி என்று போங்கள். ‘கீப் மை ஃபைல்ஸ்’ வேண்டாம், ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்பட்டு விடுகிறார்கள். அடுத்த திரையில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து ‘கிளீன் டேட்டா’ என்பதை ‘யெஸ்’ ஆக்குங்கள். அது இல்லாவிட்டால் பதிவேட்டில் பெயர் மட்டும்தான் அடிபடும். விண்டோஸ் 10-லும் இதே வழிதான். அங்கே ரிக்கவரி, ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’ என்ற பகுதிக்குள் இருக்கும். இது பல மணி நேரம் பிடிக்கலாம். காலையில் தொடங்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இந்த வசதி வீட்டுப் பயனாளர்களுக்கானது, அரசாங்கத் தர அளவுக்கு அல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. சாதாரணக் குடும்பக் கணினிக்கு இது போதும். ஆனால் பல குடும்பங்களின் ஆவணங்கள் இருந்த கணினிக்கு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அதற்கு உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும்.

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலும். காதை வைத்தால் சத்தம் கேட்கும். இதன் எல்லா இடத்திலும் பூச்சியத்தை எழுதினால் பழையது போய்விடும். 7 முறை, 35 முறை எழுத வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒரு முறை முழுதாக எழுதினால் பொதுவாகப் போதும் என்று அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. லினக்ஸ் மின்ட் உள்ள விரலியிலிருந்து கணினியை இயக்கினால், அதில் ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவி இருக்கும். கணினியின் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மெட் செய்யும்போது ‘பூச்சியத்தால் மேலெழுது’ என்ற பொருளில் ஒரு தேர்வு வரும். அதுதான் நமக்கு வேண்டியது. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதினால் 1 டெராபைட் டிஸ்க் முடிய ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். தொடங்கும் முன், பிரதி எடுத்த விரலியைக் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.

புதிய வகை எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் பாகம் இல்லை. எதை எங்கே வைப்பது என்பதை அதுவே முடிவு செய்யும். வெளியே தெரியாத உபரி இடமும் அதற்குள் உண்டு. நாம் மேலே எழுதினாலும் பழையது ஒரு மூலையில் தங்கிவிடலாம். ஆகவே எஸ்.எஸ்.டி.க்கு அதைத் தயாரித்த நிறுவனம் தரும் ‘செக்யூர் இரேஸ்’ கருவியைப் பயன்படுத்துங்கள். சில கணினிகளின் பயாஸிலேயே அந்த வசதி இருக்கும். இன்னொரு வழி, கணினி வாங்கிய நாளிலேயே டிஸ்க்கை மறையாக்கம் செய்துவிடுவது. அதாவது பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைப்பது. அழிக்கும் நாளில் சாவி அழிந்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் பயன்படாது.

நான்காவது வேலை: மீண்டும் அமைப்பது

ரீசெட் வழியில் போனவர்களுக்கு விண்டோஸ் தானாகவே புதிதாக வந்துவிடும். கணினியை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், வரவேற்புத் திரை வந்ததும் அணைத்துவிடுங்கள். புதியவர் தன் பெயரில் தொடங்கிக்கொள்ளட்டும்.

முழுதும் துடைத்தவர்களுக்கு விரலி வேண்டும். விண்டோஸுக்கு குறைந்தது 8 ஜிகாபைட் விரலி. மைக்ரோசாஃப்ட் அகப்பக்கத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி, வேறொரு கணினியில் அந்த விரலியைத் தயார் செய்யலாம். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், ஆகவே வெறும் விரலியை எடுங்கள். பிறகு அதைச் செருகிக் கணினியைத் திறந்தவுடன் எஃப் 12, எஃப் 2, எஸ்கேப் போன்ற விசையைத் தட்ட வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். விரலியிலிருந்து தொடங்கச் சொன்னால், அதன் பிறகு திரையே வழிகாட்டும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் இடமும் வேண்டும். 2017-க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் இதில் தேறாது. அதனால் அவை குப்பைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகள் நம்முடையவை. ஓடுகிற கணினியைத் தூக்கிப்போடும் வசதி நமக்கு இல்லை.

லினக்ஸ் மின்ட் இலவசம். திருட்டுப் பிரதி தேவையில்லை. 2 ஜிகாபைட் நினைவகத்திலும் இயங்கும், 4 இருந்தால் நன்றாக ஓடும். எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆஃபிஸ் கூடவே வரும். தமிழைக் காட்டும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். பிரவுசர் வழியாகப் பள்ளிப் பாடத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு இதுவே தாராளம். விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் இதில் ஓடாது. அதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினியை வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வாங்கி வந்தவுடன் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முன்பு வைத்திருந்தவர் விட்டுச்சென்ற வைரஸும் திருட்டு விண்டோஸும் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம்.

இயங்காத கணினி

திறக்கவே திறக்காத கணினி என்றால், டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பல கணினிகளில் நான்கைந்து திருகுகள்தான். கழற்றிய டிஸ்க்கை வீட்டிலேயே வைத்திருங்கள். அல்லது தட்டு உள்ள வகையென்றால், கண்ணாடி அணிந்து, தட்டு வரைக்கும் துளை போடுங்கள். நெருப்பில் போடாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. மின்னணுக் கழிவு 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பட்டியலிடப்பட்ட கழிவு. ஆகவே குப்பை மேட்டில் வீசாமல் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

பழுது பார்க்கக் கடையில் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். திரை உடைந்தாலோ விசைப்பலகை கெட்டாலோ டிஸ்க் தேவையில்லை. கழற்றிக்கொண்டு கொடுக்கலாமா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை, உங்கள் உரிமை.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை

ஆவண முகாம்களில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிற தம்பி தங்கைகளே, உங்கள் மடிக்கணினியில் உங்கள் குடும்பம் மட்டும் இல்லை. பல வீட்டுப் பிள்ளைகளின் பிறப்பு விவரம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று உண்டு. 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அது வர்த்தகத் தொடர்புள்ள விவரங்களுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்கள் அதன் கீழ் வராது. நம் முகாம் மேசைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர்கள் பேச வேண்டிய விஷயம். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நம்மை நம்பி ஐ.சி.யைக் கையில் கொடுத்த அம்மா கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வோம்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முகாமுக்கென்று ஒரு கணினி வைத்துக்கொள்ளுங்கள், அதன் டிஸ்க்கை மறையாக்கம் செய்துவிடுங்கள். யாருடைய ஆவணம் எதில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனு முடிந்த குடும்பத்துக்கு அவர்களுடைய கோப்புகளை விரலியில் போட்டுக் கொடுத்துவிட்டு, உங்களிடம் உள்ளதை அழியுங்கள். ஐ.சி. பிரதி கொடுக்கும்போது எந்த மனுவுக்காக, எந்தத் தேதியில் என்பதை அதன் மேலேயே குறுக்குக் கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். பொறுப்பிலிருந்து விலகும்போது கணினியைத் துடைத்துவிட்டே ஒப்படையுங்கள்.

விவரம் ஏற்கெனவே கைமாறி, பணம் போய்விட்டது என்று தெரிந்தால், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணையோ அழையுங்கள். போலீஸ் புகாரும் செய்யுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

தோழர்களே, ஒரு பத்திரத்தைப் பெற நம் குடும்பங்கள் எத்தனை கவுண்டர் ஏறி இறங்கியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை நாள் சம்பளம் போயிருக்கிறது, எத்தனை முறை “அடுத்த மாதம் வா” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய காகிதத்தின் படத்தை 200 வெள்ளிக்கு விற்கிற பழைய கணினியோடு சேர்த்து விற்றுவிடக்கூடாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய கணினி, பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பாருங்கள். தெரியாதவர்கள் அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து, முதலில் காப்பாற்றுவோம், பிறகு அழிப்போம்.